ஆடிக் காற்றில் வைத்த பம்பு

முதலில் நான் கட்டியதையெல்லாம் சொல்லிவிடுகிறேன். பிறகு கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

டீசல் பம்பைச் சோதிக்கிற பெஞ்சை விலைக்கு வாங்க வழியில்லாத காலத்தில், மூடிப்போன ரைஸ்மில்லின் மோட்டாரைத் தூக்கிவந்து நானே ஒரு பெஞ்சு கட்டினேன். அளவு பார்க்கிற கண்ணாடிக் குழாய்கள் ஒரு பள்ளிக்கூடத்து லேபில் ஏலம் போட்டவை. தென்காசியில் செங்கோட்டை ரோட்டோரம் நாலு தகரத்தை நிறுத்தி அதற்குப் பட்டறை என்று பெயர் வைத்தேன்; இன்று அது கான்கிரீட் கட்டடம், மாடியில் வீடு. பெண்கள் இருவரையும் காலேஜ் வரை படிக்க வைத்தேன், மூத்தவள் போலீசில் இருக்கிறாள். போர் போடுகிற வண்டி, கதிர் அறுக்கிற மிஷின், டிராக்டர், குவாரி லாரி, எல்லாவற்றின் பம்பும் என் கைக்கு வந்திருக்கிறது. ஆய்க்குடியில் நடக்க முடியாத பிள்ளைகளை ஏற்றிப் போகிற வேன் ஒன்று பண்பொழி மலை ரோட்டில் பாதியிலேயே மூச்சு வாங்கி நிற்கும். அதைக் கோயில் வாசல் வரைக்கும் ஒரே மூச்சில் ஏற வைத்தவன் நான்.

இவ்வளவும் ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு. இங்கிலீஷில் இருந்த புத்தகத்தைப் படத்தை மட்டும் பார்த்தே கற்றேன். ஒருமுறை பம்பு கம்பெனியிலிருந்து ஒரு என்ஜினியர் வந்தார். என் ரைஸ்மில் பெஞ்சைப் பார்த்துச் சிரித்தார். தான் கொண்டுவந்திருந்த பம்பை அதில் மாட்டி அளந்து பார்த்தார். அவர் சீட்டில் எழுதியிருந்த அளவும் என் குழாயில் நின்ற அளவும் ஒன்று. பிறகு அவர் சிரிக்கவில்லை. டீ குடித்தார், போனார்.

இத்தனையும் செய்த நான் ஒரே ஒரு பிஸ்டனை உருக்கினேன். அதைத்தான் லாரிக்காரர் சங்கத்துக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பம்பு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு சிலிண்டர் எஞ்சின் என்றால் ஆறு இலை. ஆறு இலைக்கும் ஒரே அளவு டீசல், அந்தந்த நேரத்துக்கு. ஒரு பொட்டு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பரிமாறுகிற கரண்டி எவ்வளவு பெரியது என்பதைப் பம்புக்குள் ஓடுகிற ஒரு பல் கம்பி முடிவு செய்யும். அதற்கு ராக் என்று பேர். அந்த ராக் இதற்கு மேல் போகக் கூடாது என்று தடுக்க ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் ராக் கூடுதலாக ஓடும், டீசல் கூடும், வண்டி கூடுதலாக இழுக்கும். இவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். சோறு கூடினால் குழம்பும் கூட வேண்டும். எஞ்சினுக்குக் குழம்பு காற்று. காற்று போதாமல் டீசலை மட்டும் கொட்டினால் கரும்புகை, கொதிப்பு, கடைசியில் பிஸ்டன்.

அதனால்தான் அந்த ஸ்க்ரூவின் மேல் கம்பி கட்டி ஈய சீல் போடுவோம். யார் அளவு வைத்தாரோ அவர் குறடால் அழுத்திய அச்சு அதில் இருக்கும். என் அச்சு ஒரு வேல். பண்பொழி முருகனை நினைத்து நானே ராவி எடுத்தது. எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சீல் அறுபட்டிருந்தால் அந்தப் பம்புக்கு நான் பொறுப்பில்லை. அறுபடாமல் இருந்தால் அந்தப் பம்பு நான்தான். கையெழுத்துப் போட்ட பத்திரத்தை விட அதற்கு மரியாதை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கொரோனா அடங்கிச் சந்தை மறுபடி ஓட ஆரம்பித்த சமயம். ஓர் ஆடி மாதம். எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் சாரல் விழுந்தால் செங்கல் சூளையும் குவாரியும் படுத்துவிடும், லாரிகள் சும்மா நிற்கும். பம்பைப் பிரிக்கவேண்டும் என்று நினைத்திருப்பவர்கள் எல்லாரும் அப்போதுதான் வருவார்கள். அப்படித்தான் அந்தக் கீழப்பாவூர்க்காரரும் வந்தார். சொந்த வண்டியைத் தானே ஓட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேச மாட்டார். அவர் பிரேக் பிடித்தால் பின்னால் நிற்கிற காய்கறிக் கூடை அசையாது என்று மார்க்கெட்டில் சொல்வார்கள். மேடு ஏறி முடித்ததும் எஞ்சினை உடனே அணைக்க மாட்டார், இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு ஆறவைத்துத்தான் அணைப்பார். அந்த மாதிரி ஆள்.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்காக, அவர் சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் ஏற்றிக்கொண்டு புளியரை வழியாகக் கேரளத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார். வண்டி பழசு. காற்றைத் திணித்துக் கொடுக்கிற டர்போ இல்லாதது. புளியரை தாண்டியதும் ரோடு பாம்பு மாதிரி வளைந்து மலையில் ஏறுகிற இடம் இருக்கிறதே, அங்கே இரண்டாம் கியருக்கு இறங்கி ஊர்ந்து போகும். புது வண்டிகள் ஒவ்வொன்றாக முந்திப் போய்விடும். கமிஷன் கடைக்காரர் சொல்லிவிட்டாராம், இனி இரண்டு தடவை பிந்தினால் லோடு வேறு வண்டிக்கு என்று.

"லோடு போச்சுன்னா வண்டியக் குடுத்துட்டு மறுபடி எவன்ட்டயாவது சம்பளத்துக்கு ஓட்டணும் அண்ணாச்சி. இந்த வயசுல என்னால முடியாது" என்றார்.

நான் சொன்னேன்: "ஏலே, நீ பம்ப என்ட்ட குடுத்துட்டுப் போயி சாரல்ல நனைஞ்சுட்டு வா. வண்டி மூணாங் கியர்ல ஏறும்."

ஏற வைத்தேன். எப்படி என்று சொல்கிறேன், ஒளிக்கிறதற்கு ஒன்றும் இல்லை. பலபேர் எடுத்த எடுப்பில் ஸ்க்ரூவைத் திருப்புவார்கள். நான் முதலில் டீசலைத் தள்ளுகிற பிளஞ்சர்கள் தேய்ந்திருந்ததை மாற்றினேன். பெஞ்சில் ஓட்டி ஆறு குழாயிலும் டீசல் ஒரே மட்டத்தில் நிற்கிறவரை ஒவ்வொன்றாகச் சரி செய்தேன். அதற்கே ஒரு நாள் முழுக்கப் போனது. நாசிலைப் பிரித்து, தெளிக்கிறது பனி மாதிரி வருகிறதா என்று காகிதத்தில் அடித்துப் பார்த்தேன். இவ்வளவும் ஆன பிறகுதான் ஸ்க்ரூவில் கை வைத்தேன். ஒரு சுற்று. பிறகு இன்னொரு அரைச் சுற்று. சீல் போட்டேன்.

லோடோடு புளியரை வளைவுக்குப் போனோம். எங்கள் ஊர்ச் சோதனை அதுதான். அந்த மேட்டில் மூன்றாம் கியர் தாங்கினால் பம்பு பாஸ். டிரைவர் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். எதிரே மேற்கிலிருந்து கணவாய் வழியாக ஆடிக் காற்று வந்து கண்ணாடியில் முட்டுகிறது. என் தோளில் கிடந்த துண்டை இரண்டு தடவை பறிக்கப் பார்த்தது. வண்டி மூன்றாம் கியரில் போய்க்கொண்டே இருந்தது. முன்னால் போன புது வண்டி ஒன்றின் பின்னால் நாங்கள் ஹாரன் அடிக்கிற நிலைமை. புகை லேசாகத்தான் இருந்தது. சூடு காட்டுகிற முள் நடுவைத் தாண்டவே இல்லை. மேலே ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். பீடி பற்றவைக்க அரைப் பெட்டித் தீக்குச்சியைக் காலி பண்ணினேன், ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் கடைக்காரர் அடுப்பிலிருந்து கொள்ளியை எடுத்து நீட்டினார். இந்தத் தீக்குச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பம்பு பாஸானால் திரும்பி வரும்போது குற்றாலத்தில் குளியல். வண்டிக்காரர் எண்ணெய் வாங்கித் தருவார், பட்டறைக்காரர் தலை நிறையத் தேய்த்துக்கொள்வார், அருவியில் நிற்பார். அன்றைக்கு ஐந்தருவியில் ஒரு மணி நேரம் நின்றேன். பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் அந்த வண்டி ஏறின கதையைச் சொன்னேன். அருவிச் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்டிருக்காது. சொன்னேன்.

எட்டு மாதம் அந்த வண்டி பிந்தவில்லை. கமிஷன் கடைக்காரரே இன்னும் இரண்டு வண்டிகளை என்னிடம் அனுப்பினார். பங்குனி வந்தது.

ஒரு மத்தியானம், அதே வளைவில், முழு லோடோடு வண்டி நின்றுவிட்டது. எஞ்சினிலிருந்து தட்டுகிற சத்தம், வெள்ளைப் புகை. காயெல்லாம் வேறு வண்டிக்கு மாறி, அடுத்த நாள்தான் போய்ச் சேர்ந்தது. முருங்கைக்காய் கறுத்து வாடிக் கிடந்ததாம். எஞ்சினைப் பிரித்தபோது நாலாவது பிஸ்டனின் மண்டை உருகி ஓட்டையாகியிருந்தது.

டிரைவர் முடுக்கிவிட்டான், வண்டி நல்லா ஓடுதுன்னு திமிர் வந்துட்டு, காலை எடுக்காமல் மிதித்தான் என்று மார்க்கெட்டில் பேச்சு. அது மார்க்கெட்டோடு போயிருக்கும். நான் சும்மா இருந்திருக்க வேண்டும். பம்பைக் கழற்றி என் பெஞ்சில் போட்டுப் பார்த்தேன். ஆறு குழாயிலும் அளவு ஒன்றுபோல. சீல் அறுபடவில்லை. பட்டறைக்கு எதிரே டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது சொன்னேன்: "பம்புல ஒரு பொட்டுக் கொற கெடையாது. கொற அவன் கால்ல."

இதைச் சொன்னது நான். என் பம்பு சரி என்று ஊருக்கே தெரியும், ஆகவே அந்த மனுஷன் கால்தான் தப்பு என்று முடிவாகிவிட்டது. அந்த வாரமே கமிஷன் கடைக்காரர் லோடை வேறு ஒருவருக்குக் கொடுத்தார். எஞ்சின் சரியானாலும் இந்த ஆள் வேண்டாம் என்றார். முப்பது வருஷமாகக் கூடை அசையாமல் பிரேக் பிடித்த ஆளுக்கு, வண்டியை அடிக்கிறவன் என்று பேர்.

அவர் வந்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் மனைவிதான் வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே பட்டறைக்குள் வந்தார், உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. பம்பு என் பெஞ்சின் மேல்தான் இருந்தது. அதைக் காட்டிக் கேட்டார்.

"அண்ணாச்சி, இதுல தொங்குத ஈயம் உங்களுதா?"

"என்னுதுதான் தாயி."

"அறுந்துருக்கா?"

"அறல."

"அறலன்னா இந்தப் பம்புக்கு நீங்கதான் பொறுப்புன்னு ஊரெல்லாம் சொல்லுதாவ. நீங்களே எத்தன பேருட்ட சொல்லியிருக்கிய. இப்பொ மட்டும் எங்க வீட்டுக்காரர் காலுன்னு எப்பிடிச் சொல்லுதிய?"

எனக்குக் கோபம் வந்தது. பெஞ்சில் அளவைக் காட்டினேன். ஆறு குழாயையும் காட்டினேன். அவர் குழாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவுகளுக்கு ராத்திரி தூங்க முடியலன்னு நான் சொல்ல வரல. மேட்டுல அவுக மிதிச்சத நீங்க பாத்தியளா? பாக்காம சொன்னிய. அதத்தான் கேக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பார்க்காமல்தான் சொன்னேன். சரி, போய்ப் பார்த்துவிட்டே வந்து சொல்கிறேன் என்று பைக்கை எடுத்துக்கொண்டு புளியரைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று மறைக்கவில்லை. அவர் எந்த இடத்தில் எந்தக் கியரில் இருந்தார் என்று மேட்டு டீக்கடையில் விசாரித்து, தப்பு அவர்மேல்தான் என்று உறுதிப்படுத்தத்தான் போனேன். கடைக்காரர் சொன்னார், அந்த வண்டி வழக்கம்போல நிதானமாகத்தான் வந்தது, வந்தபடியே நின்றுவிட்டது என்று. நான் நம்பவில்லை. மத்தியான வெயில் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. யோசிப்பதற்காக ஒரு பீடியை எடுத்தேன். தீக்குச்சியை உரசினேன்.

ஒரே குச்சி. சுடர் நேராக நின்றது. நடுங்கக்கூட இல்லை.

கையில் குச்சி சுடுகிறவரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடியில் அரைப் பெட்டிக் குச்சியைத் தின்ற இடம் இது. அன்றைக்கு மேற்கேயிருந்து அவ்வளவு காற்று, குளிர்ந்த காற்று, ரேடியேட்டரின் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. சூடு ஏறவில்லை, புகை வரவில்லை. நான் வைத்த அளவை அந்தக் காற்று தாங்கிக்கொண்டது. இன்றைக்குக் காற்றே இல்லை. இருக்கிற கொஞ்சமும் கிழக்கே இருந்து, வண்டியின் முதுகுப் பக்கமாக. அதே டீசல், அதே மேடு, அதே கால். எஞ்சின் சொந்த வேக்காட்டிலேயே வெந்திருக்கிறது.

எங்கள் ஊரில் பம்புக்காரர் எல்லாருமே சாரல் காலத்தில்தான் அளவு வைக்கிறோம், சாரல் காலத்தில்தான் அந்த வளைவில் சோதிக்கிறோம், பாஸ் என்று அருவியில் குளிக்கிறோம். மற்றவர்கள் அரைச் சுற்றோடு நிறுத்திக்கொள்வதால் அவர்கள் தப்பு தெரிவதில்லை. நான் கெட்டிக்காரன், ஒன்றரைச் சுற்று வைத்தேன். அதனால் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போனேன். கமிஷன் கடைக்காரர் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் போனில் பேசிக்கொண்டிருந்தார். முடிக்கும்வரை நின்றேன். நான் யாருக்காகவும் நிற்கிற ஆள் இல்லை. அவர் போனை வைத்ததும் சொன்னேன், பிஸ்டன் போனது டிரைவரால் இல்லை, நான் வைத்த அளவால் என்று.

அவர் சிரித்தார். "அன்னைக்கி டீக்கடையில வேற சொன்னியளாமே அண்ணாச்சி. ஊருலயே பெரிய பம்புக்காரர்னு ஒங்க வண்டியில எழுதாத கொறதான். இப்பொ ஒங்க பம்பு சரியில்லைன்னு எழுதித் தாரியளா?"

"பேப்பரக் குடும்" என்றேன்.

அவர் விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார். சுற்றி மூட்டை தூக்குகிறவர்கள், வேறு டிரைவர்கள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு சீட்டின் பின்பக்கத்தை நீட்டினார். எழுதினேன். 'பம்பு வேலை என்னுடையது. ஆடிக் காற்றில் அளவு வைத்தேன், பங்குனி வெயிலை நினைக்கவில்லை. டிரைவர் காலில் தப்பு இல்லை.' எழுதி முடிக்க நேரம் ஆனது. 'பங்குனி'க்கு ரெண்டு தடவை அடித்து எழுதினேன். கீழே கையெழுத்தோடு, பாக்கெட்டில் இருந்த வேல் போட்ட ஈயம் ஒன்றையும் கம்பியால் கோத்துவிட்டேன். அவர் படித்தார். பிறகு சிரிக்காமல் சீட்டு குத்துகிற கம்பியில் அதைக் குத்தி வைத்தார்.

"எஞ்சின் ரெடியாகட்டும். அவரையே வரச் சொல்லுங்க" என்றார்.

நான் எழுதிய முதல் எழுத்து அதுதான். இது இரண்டாவது.

எஞ்சின் வேலை முடிகிற வரைக்கும் நான் ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். அளவைக் குறைத்து வைத்தால் பங்குனியில் பிழைக்கும், ஆனால் ஆடியில் பழையபடி ஊரும். கூட்டி வைத்தால் மறுபடி உருகும். வருஷத்துக்கு இரண்டு தடவை சீலை அறுத்து ஸ்க்ரூவைத் திருப்பினால் ஒவ்வொரு தடவையும் பெஞ்சில் ஏற்ற வேண்டும். ராக்குக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவில் ஒரு சின்ன இரும்புத் துண்டு வைத்தால் என்ன என்று தோன்றியது. விரல் நகம் அளவு. ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிசு, படிக்கட்டு மாதிரி. தடிமன் பக்கம் நின்றால் ராக் குறைவாக ஓடும், வெயிலுக்கு அது. மெலிசுப் பக்கம் சாரலுக்கு. முதல் சாரல் விழும்போது ஒரு திருப்பு, புரட்டாசி முடிவில் ஒரு திருப்பு, மேலே சீல். ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம். பழைய வால்வு ஒன்றின் தண்டை அறுத்து, கையாலேயே ராவி எடுத்தேன். நாலு துண்டு வீணாகி ஐந்தாவது உட்கார்ந்தது. ரேடியேட்டரையும் கழற்றி அடைப்பு எடுக்கச் சொன்னேன், விசிறியைப் பெரிதாக மாற்றச் சொன்னேன்.

இந்தத் தடவை சோதனைக்குச் சித்திரை மத்தியானத்தைத் தேர்ந்தெடுத்தேன். காற்று செத்துக் கிடந்த நாள். முழு லோடு. டிரைவர் என்னைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்து ஓட்டினார். வளைவில் மூன்றாம் கியர் தாங்கியது, கொஞ்சம் மெதுவாகத்தான், ஆனால் தாங்கியது. சூட்டு முள் முக்காலுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. மேலே போய் நிறுத்தினார். வழக்கம்போல இரண்டு நிமிடம் ஓடவிட்டார். அந்த இரண்டு நிமிடத்தில்தான் பேசினார்.

"மார்க்கெட்டுல எழுதிக் குடுத்தியளாம்."

"ஆமா."

"என்னத்துக்கு அண்ணாச்சி? எஞ்சின மட்டும் சரி பண்ணிக் குடுத்தாப் போதும்லா."

"எஞ்சின் எவன் வேணும்னாலும் சரி பண்ணுவான்ல" என்றேன். அவர் சாவியைத் திருப்பி அணைத்தார்.

திரும்பும்போது அவராகவே வண்டியைக் குற்றாலத்துக்கு விட்டார். சித்திரையில் அங்கே என்ன இருக்கும். பாறைதான் இருந்தது, ஓரத்தில் ஒரு கோடு மாதிரித் தண்ணீர் கசிந்தது. எண்ணெய் பாட்டிலை என் கையில் கொடுத்து, "சாரல் விழட்டும், ஆனியில குளிச்சுக்கிடுங்க" என்றார். குளிக்காமல் பாஸான என் பம்பு அது ஒன்றுதான். ஆனியில் இரண்டு பேரும் குளித்தோம்.

அவர் இன்றைக்கும் அதே லோடைத்தான் ஓட்டுகிறார். வெயில் காலத்தில் கமிஷன் கடைக்காரர் அவர் வண்டிக்கு முதலில் மூட்டை ஏற்றச் சொல்லிவிடுகிறார், அரை மணி முந்திக் கிளம்புவதால் பிந்துவதில்லை.

இனி என் பங்குக்கு வருகிறேன். அந்தப் படித் துண்டுக்கு இப்போது சீசன் கட்டை என்று பேர். தென்காசியிலிருந்து செங்கோட்டை வரைக்கும் பழைய பம்பு வைத்திருக்கிற மலை வண்டி எல்லாவற்றிலும் அது இருக்கிறது. செய்கிறவர்களை நான் தடுக்கவில்லை, செய்யட்டும். ஆனால் போன வருஷம் உங்கள் லாரிக்காரர் சங்கக் கூட்டத்தில், இதைக் கண்டுபிடித்தவர் என்று வெளியூர்ப் பட்டறைக்காரர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைக் கேட்டால் கட்டையைக் காட்டுவார். எந்தப் பிஸ்டன் உருகி அது வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியுமா? அந்தப் பிஸ்டன் என் அலமாரியில் இருக்கிறது. சீட்டு கமிஷன் கடைக் கம்பியில் இருக்கிறது, அழுக்கேறியிருக்கும், ஈயம் தொங்கும். போய்ப் பார்க்கலாம்.

கோயிலுக்கு ஒரு டியூப்லைட் கொடுத்தால்கூட வெளிச்சமே வராத அளவுக்கு உபயம் என்று பேரை எழுதுகிற ஊர் இது. எனக்குப் பொன்னாடை வேண்டாம். சங்கத்தில் நீங்கள் வருஷா வருஷம் அடிக்கிற காலண்டரில் பங்குனி மாதத் தாளின் அடியில் இரண்டு வரி போடுங்கள். சீசன் கட்டையைச் செய்தவன் நான். அதற்கு முன்னால் பிஸ்டனை உருக்கினவனும் நான், அந்தக் கீழப்பாவூர் டிரைவர் இல்லை. இரண்டையும் போட வேண்டும். ஒன்றைப் போட்டு ஒன்றை விட்டால் பிரஸ்ஸுக்கே வந்து நிற்பேன்.